எந்த வயலை எந்த வெயிலுக்கு: எம்மென்டால் மலைக் கமத்தில் புல் வெட்டும் காலம்

மே மாதம் பிறந்தாலே வேலையிடத்தில் லீவுப் பட்டியல் சுற்றிவரும். புல் வெட்ட வர ஆசைப்படும் தமிழ் நண்பர்கள் அப்போதுதான் என்னைப் பிடிப்பார்கள். "எப்ப வெட்டுவினம்? திகதியைச் சொல்லு, லீவு எழுதிக் குடுக்க வேணும்." சொல்ல என்னிடம் திகதி இருப்பதில்லை. சுவிட்சர்லாந்தில் நான் கோடையில் போய்வரும் அந்த மலைக் கமத்தை நடத்துகிற குடும்பத்துக்கே அது முதல் நாள் பின்னேரம்தான் தெரியும். ஏன் அப்படி, அந்த முடிவு எதை எதைப் பார்த்து எடுக்கப்படுகிறது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்கிக் களைத்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

நான் பேர்ண் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்யும் ஒருத்தியின் பிறந்த வீடு எம்மென்டால் பள்ளத்தாக்கின் மேல்பகுதியில், ஹோகன்ட் மலை தெரிகிற இடத்தில் இருக்கிறது. இப்போது அவளுடைய அண்ணன் கமத்தைப் பார்க்கிறார். வயதான தாயை ஊரே 'க்ரோசி' என்றுதான் கூப்பிடும். பாட்டி என்பதற்கு இங்கே அப்படிச் சொல்வார்கள். ஒவ்வொரு கோடையும் நான் அங்கே போய்வருவது வழக்கமாகிவிட்டது. கறவை மாடு, கன்று, கொஞ்சம் காடு, மிச்சம் எல்லாம் புல்தரை. வீடு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேல் வயல் 1250 மீட்டரைத் தொடும்.

இந்த உயர வித்தியாசத்தில்தான் முழுக் கணக்கும் இருக்கிறது. 100 மீட்டர் ஏறினால் புல் மூன்று நான்கு நாள் பிந்தி வளரும். அப்படியென்றால் கீழ் வயலுக்கும் மேல் வயலுக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு கிழமை. தெற்கு பார்த்த சரிவு முந்தும், காட்டு நிழல் விழும் பக்கம் பிந்தும். சமவெளிக் கமக்காரருக்கு எல்லா வயலும் ஒரே கிழமையில் வெட்டுக்கு வந்து நிற்கும். அந்தக் கிழமை மழை பெய்தால் எல்லாமே முற்றிவிடும். மலையில் அப்படி இல்லை. வயல்கள் வரிசையாக, ஒன்றன் பின் ஒன்றாகத் தயாராகும். அதனால் இங்கே நல்ல வெயில் வந்தால் கேட்கிற கேள்வி "இன்றைக்கு வெட்டலாமா" என்பதல்ல. "இந்த வெயிலை எந்த வயலுக்குக் கொடுப்பது" என்பதுதான். எனக்கு இது பிடிபடவே சில கோடைகள் போயின.

முதலில் புல்லைப் பார்ப்போம். நான் யாழ்ப்பாணத்தில் கண்டதெல்லாம் நெல்லை எடுத்த பிறகு மிஞ்சும் வைக்கோல். அது ஏற்கெனவே காய்ந்த தாள்; இரண்டு நாள் பிந்தினாலும் அதன் தரத்தில் பெரிய வித்தியாசம் வராது. இங்கே மாரிகாலத் தீவனத்துக்காகப் பச்சைப் புல்லை, அதற்குள் சத்து இருக்கிறபோதே வெட்டிக் காயவைக்க வேண்டும். கதிர் தள்ளத் தொடங்கினதும் புல் தண்டுக்குப் பலம் சேர்க்கும். நார் கூடும், புரதம் இறங்கும், மாட்டுக்குச் செரிப்பதும் குறையும். ஆனால் வயலில் புல்லின் அளவு கூடிக்கொண்டே போகும். இளசாக வெட்டினால் நல்ல தீவனம் கொஞ்சம் கிடைக்கும். முற்றவிட்டால் மட்டமான தீவனம் நிறையக் கிடைக்கும். கறவை மாட்டுக்கு வேண்டிய இடம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

அந்த நடுவைப் பிடிக்க இங்கே எல்லாரும் பார்ப்பது க்னாவுல்கிராஸ் என்ற ஒரு புல்லை. கொத்துக் கொத்தாகக் கதிர் விடும், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். அதன் கதிர் இலை உறைக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கத் தொடங்கினால் வயல் வெட்டுக்கு வருகிறது என்று அர்த்தம். கதிர் முழுதும் வெளியே வந்து பூத்துவிட்டால் கறவை மாட்டுக்கு அது பிந்திய புல். டான்டிலயன் மஞ்சளாகப் பூத்துக் கிடப்பதைப் பார்த்து "இதோ தயார்" என்று நினைக்க வேண்டாம். அது அதற்கு முந்திய கட்டம். க்ரோசி வேலியோரப் புல்லைப் பார்க்கவே மாட்டார். வயலுக்குள் நடந்து, நடுவில் நின்று, ஒரு தண்டைக் கிள்ளி உறையைப் பிரித்து உள்ளே கதிர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். வேலியோரம் எப்போதும் பொய் சொல்லும் என்பது அவருடைய கட்சி.

அடுத்தது தண்ணீர். வெட்டும்போது புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். பழுதாகாமல் அடுக்கி வைக்க 15 சதவீதத்துக்குள் இறங்க வேண்டும். ஒரு ஹெக்டேயரில் 3 டன் உலர்பொருள், அதாவது தண்ணீரைக் கழித்த புல், வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சையாக அது 15 டன் புல், காய்ந்த பிறகு மூன்றரை டன். மிச்சம் பதினொன்றரை டன் தண்ணீர் காற்றோடு போயாக வேண்டும். நெருப்பு இல்லை, அடுப்பு இல்லை. வெயிலும் காற்றும் மட்டும்தான். மே கடைசியிலும் ஜூனிலும் மலையில் மூன்று நாள் தொடர்ந்து நல்ல வெயில் கிடைப்பது லேசான காரியமில்லை.

அப்படியென்றால் பாதி காய்ந்த புல்லை பிளாஸ்டிக் சுற்றிப் புளிக்க வைத்தால் என்ன? ஐரோப்பாவின் வயல்களில் வெள்ளை, பச்சை உருண்டைகளாகக் கிடப்பது அதுதானே. நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கமத்தின் பால் எம்மென்டாலர் சீஸுக்குப் போகிறது. அந்தச் சீஸுக்குப் பால் கொடுக்கும் மாட்டுக்குப் புளிக்கவைத்த புல் போடக் கூடாது; க்ருயேர் சீஸுக்கும் இதே விதி. புளித்த தீவனத்தில் வளரும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் மாட்டின் வழியாகப் பாலுக்கு வந்துவிடும். பச்சைப் பாலில் செய்து மாதக்கணக்கில் முதிரவிடும் சீஸ் அது. உள்ளே இருந்து வாயு கிளம்பி, பெரிய சக்கரமே உப்பி வெடித்துப் பழுதாகும். அதனால் இங்கே மாற்று வழி கிடையாது. வெட்டியதைக் காயவைத்தே ஆக வேண்டும். பிளாஸ்டிக் சுற்றும் கமக்காரர் ஒன்றரை நாள் வெயிலில் வேலையை முடித்துவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்ளும் அதே கிழமையில், இவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

கொஞ்சம் கைகொடுப்பது கொட்டில் மாடியில் இருக்கும் பெரிய விசிறி. கூரை ஓட்டுக்குக் கீழே வெயிலில் சூடாகும் காற்றை இழுத்து, மரச்சட்டத் தரையின் கீழிருந்து புல்லுக்குள் ஊதும். இது இருந்தால் 35 சதவீத ஈரத்தோடு புல்லை உள்ளே எடுக்கலாம். மேலே சொன்ன அதே ஹெக்டேயருக்கு, கூரைக்குள் கழிக்க வேண்டியது ஒரு டன்னுக்குச் சற்று மேலான தண்ணீர் மட்டும். வயலில் ஒரு நாள் மிச்சம். மூன்று நாள் வெயிலுக்குக் காத்திருந்தவர் இரண்டு நாளோடு ஆரம்பிக்கலாம். வேறு லாபமும் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் விசிறிக்கும் ஓர் எல்லை இருக்கிறது: ஈரப்புல்லை ஒரே நாளில் மலையாகக் குவித்தால் காற்று மேலே வராது. ஆகவே ஒரு நாளைக்கு எவ்வளவு உள்ளே எடுக்கலாம் என்பதை விசிறி முடிவு செய்கிறது. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எவ்வளவு வெட்டலாம் என்று தீர்மானிப்பார்கள். நண்பர்கள் பலர் நல்ல வெயிலைக் கண்டதும் "எல்லாத்தையும் வெட்டிவிடலாமே" என்பார்கள். வெட்டுவது அரை நாள் வேலை. கலைப்பது, வாருவது, ஏற்றுவது, அடுக்குவது எல்லாம்தான் ஆளைத் தின்னும்.

வானிலைக்கு வருவோம். சுவிஸ் வானிலை நிலையமான மெட்டியோசுவிஸின் செயலியை எல்லாரும் பார்க்கிறார்கள். சின்னச் சூரியன் படத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது போதாது. காற்று எங்கிருந்து வருகிறது என்பதைப் பாருங்கள். வடகிழக்கிலிருந்து வரும் பீஸ காற்று குளிராக இருக்கும், முகத்தில் அறையும், ஆனால் வறண்டது. பீஸ அடிக்கும் நாளில் வெயில் மங்கலாக இருந்தாலும் புல் காயும். தெற்கிலிருந்து அல்ப்ஸைத் தாண்டி இறங்கும் ஃபொய்ன் காற்று சூடானது; அது வீசும்வரை புல் மணிக்கு மணி காயும், அது விழுந்தால் பின்னாலேயே மழை வரும். மேற்கிலிருந்து புழுக்கத்தோடு வரும் வெயில் நாள்தான் ஏமாற்றுவது. காலையில் நீல வானம், மூன்று மணிக்கு ஹோகன்டுக்கு மேலே வெள்ளையாகக் குமுறும் மேகம், ஐந்துக்கு இடி. ஜூன் நடுப்பகுதியில் அடிக்கடி ஒரு குளிர்ப் பருவம் வந்து போகும்; புதிதாக மயிர் கத்தரித்த செம்மறிகள் நடுங்கும் காலம் என்று இங்கே அதற்குப் பெயரே உண்டு. அதற்கு முன் கீழ் வயல்களை முடித்துவிட வேண்டும் என்பது இந்த வீட்டில் எழுதாத சட்டம்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் புதிராக இருக்கும் ஒன்று: மழை முடிகிற நாளிலேயே, வானம் இன்னும் மூடிக்கிடக்கும்போதே சிலவேளை வெட்டத் தொடங்குவார்கள். புத்தி கெட்ட வேலை போலத் தெரியும். வெட்டிய உடனே பச்சைப் புல்மேல் ஒரு தூறல் விழுந்தால் பெரிதாக நட்டமில்லை. புல் இன்னும் உயிரோடு இருக்கிறது, தண்ணீர் மேலால் வழிந்து போகும். பாதிக்கு மேல் காய்ந்த பிறகு மழை விழுந்தால்தான் உள்ளே இருக்கும் சர்க்கரை கழுவுப்பட்டுப் போகும், திரும்பக் காயவைக்கும்போது இலை உதிரும், பூஞ்சணம் பிடிக்கும். ஆகையால் வெயில் காலத்தின் முன்பக்கத்தில் துணிய வேண்டும், பின்பக்கத்தில் பயப்பட வேண்டும். கடைசி நாளில் இன்னும் ஒரு வயல் என்று ஆசைப்படக் கூடாது. ஆனால் நிலம் நனைந்திருக்கும் சரிவில் மெஷின் வழுக்கும் என்பதால், இந்தத் துணிவு தட்டையான வயல்களுக்கு மட்டும்.

என்னைக் கேட்டால், உச்சிப் பருவத்தில் இருக்கும் வயலுக்காக நூறு சதவீதம் உறுதியான வெயிலைக் காத்திருப்பதில்தான் கமக்காரர்கள் அதிகம் இழக்கிறார்கள். மழையில் நனைந்த புல் எல்லார் கண்ணிலும் படும். காத்திருந்து முற்றிய புல்லோ அழகாகப் பச்சையாக வீட்டுக்கு வரும். நட்டம் மாரிகாலத்தில் பால் அளவில்தான் தெரியும்.

முதல் நாள் பின்னேரமே முடிவு எடுக்க வேண்டியதற்கு ஒரு காரணம் மான்குட்டி. மே, ஜூனில் ரோ மான்கள் குட்டியை உயரமான புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டுப் போகும். ஆபத்து வந்தால் ஓடாமல் நிலத்தோடு ஒட்டிக்கொள்வதுதான் குட்டியின் இயல்பு. வெட்டும் மெஷினுக்கு முன்னாலும் அப்படியே படுத்திருக்கும். இப்போது வெப்பத்தைக் காட்டும் கமராவோடு ட்ரோன் பறக்கவிட்டுத் தேடிக் கொடுக்கும் தொண்டர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். நிலம் குளிர்ந்திருக்கும் விடியற்காலையில்தான் குட்டியின் சூடு திரையில் தெளிவாகத் தெரியும். வெயில் ஏறினால் ஒவ்வொரு கல்லும் மான்குட்டி மாதிரி மின்னும். ஆகவே நாளைக்கு வெட்டு என்றால் இன்றைக்கே சொல்லிவைக்க வேண்டும். குட்டியைக் கண்டால் வெறும் கையால் தொடக் கூடாது. கை நிறையப் புல்லைப் பிடித்து அதற்குள் தூக்கி, வயலோரம் நிழலில் ஒரு பெட்டியால் மூடி வைத்து, வெட்டி முடிந்ததும் திறந்துவிடுவார்கள். தாய் தேடி வரும். இந்த வேலைக்கு நான் மனமாரப் போவேன். விடிய நாலு மணி என்றாலும்.

வெட்டும் உயரம் ஏழு எட்டு சென்டிமீட்டர். மொட்டையாக வழித்தால் மண் சேரும், அடுத்த வளர்ச்சி பிந்தும். ஓரளவு தாள் நின்றால் வெட்டிய புல் அதன்மேல் கிடக்கும், கீழேயும் காற்றுப் போகும். வெட்டிய உடனே கலைக்கும் மெஷின் ஒருமுறை விரித்துப் போடும். மறுநாள் பனி காய்ந்த பிறகு, பெரும்பாலும் ஒன்பது பத்து மணிக்கு மேல், மறுபடி கலைப்பார்கள். இங்கே அவசரக்காரர்கள் செய்கிற தப்பு, காயக் காய இன்னும் வேகமாகக் கலைப்பது. புல்லோடு கலந்து வளரும் க்ளோவர் செடியின் இலை தண்டைவிட முந்திக் காயும். நொறுங்கி விழுந்தால் சத்துள்ள பகுதி நிலத்தோடு போய்விடும், கையில் மிஞ்சுவது குச்சி. பச்சையாக இருக்கும்போது வேகமாக, காய்ந்த பிறகு மெதுவாக. விசிறியின் மற்ற லாபம் இதுதான்: இலை நொறுங்கும் முன்பே புல் உள்ளே போய்விடுகிறது. இரவில் வயலில் விட வேண்டியிருந்தால் பின்னேரம் வரிசையாக வாரி வைப்பார்கள். பரப்பிக் கிடந்தால் முழுதும் பனி குடிக்கும்.

காய்ந்ததா என்று பார்க்கக் கருவிகள் இருக்கின்றன. ஆனாலும் எல்லாரும் ஒரு பிடி எடுத்து முறுக்கித்தான் பார்க்கிறார்கள். தண்டின் கணுவை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். இலை சரசரக்கும்போதும் கணு ஈரமாக இருக்கும். வரிசையின் அடியிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும், மேலால் எடுத்தால் பிரயோசனமில்லை.

சரிவு வயல்கள் வேறு உலகம். அங்கே ட்ராக்டர் ஏறாது. ஆணி வைத்த சில்லுள்ள, பின்னால் நடந்துபோய் ஓட்டும் வெட்டு மெஷின்தான். ஒவ்வொரு முறை கலைக்கும்போதும் புல் கீழே வழியும். கீழோரம் தடித்துக் கனத்து ஈரமாகவே கிடக்கும். அதை ஆள் வைத்து மேலே தள்ளிப் பரப்ப வேண்டும். இந்த வேலைக்குத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். கடைசியில் புல்லைக் கீழே இறக்க, இலை ஊதும் மெஷினை முதுகில் கட்டிக்கொண்டு ஊதி இறக்குவது இப்போது அல்ப்ஸ் முழுக்கப் பரவிவிட்டது. வேலை பாதியாகக் குறைந்தது உண்மை. பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும் அந்த இரைச்சல் க்ரோசிக்கு ஆகாது; மர வாரியை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவார்.

இந்தச் சரிவுகளில் சிலவற்றை உரம் போடாத புல்வெளியாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். அதற்கு அரசின் நேரடிக் கொடுப்பனவு உண்டு. பதிலுக்கு, குறித்த திகதிக்கு முன் வெட்டக் கூடாது. கமம் இருக்கும் வலயத்தைப் பொறுத்துத் திகதி மாறும்: சமவெளியிலும் குன்றுப் பகுதியிலும் ஜூன் 15, மலை வலயம் ஒன்றிலும் இரண்டிலும் ஜூலை 1, மூன்றிலும் நான்கிலும் ஜூலை 15. பூக்கள் விதை சிந்தவும் பூச்சிகள் பிழைக்கவும் அந்த அவகாசம். ஜூன் நடுவில் வானம் கண்ணாடி போல இருந்தாலும் அந்த வயலைத் தொட முடியாது என்று புதியவர்கள் முணுமுணுப்பார்கள். எனக்கு இது ஒரு வசதியாகவே படுகிறது. அந்தப் புல் எப்படியும் முற்றியதுதான். பால் வற்றிய மாட்டுக்கும் கிடாரிகளுக்கும் அது நல்ல தீவனம், சத்துக் கூடினால் அவை கொழுத்துவிடும். இன்னும் ஒரு கிழமை பிந்தினாலும் அதில் இழக்க ஒன்றுமில்லை. ஆகவே ஜூனில் வருகிற முதல் தரமான வெயில் முழுவதையும் கறவை மாட்டு வயல்களுக்கே கொடுத்துவிடலாம்.

புல் உள்ளே வந்தால் வேலை முடிந்துவிடுவதில்லை. ஈரம் மிஞ்சிய உலர்புல் தானாகவே சூடேறும். எம்மென்டால் வீடுகளில் மனிதர், மாடு, புல் எல்லாம் ஒரே பெரிய மரக்கூரையின் கீழ். புல்லில் நெருப்பு என்றால் வீட்டில் நெருப்பு. நீளமான வெப்பமானிக் கம்பியைக் குவியலுக்குள் பல இடத்தில் செருகிப் பார்ப்பார்கள், அடுக்கிய பிறகும் கிழமைக்கணக்கில். 55 பாகை செல்சியசைத் தாண்டினால் அடிக்கடி பார்க்க வேண்டும். 70ஐ நெருங்கினால் நீங்களே கிளறிப் பார்க்க வேண்டாம், 118க்கு அழைத்துத் தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள். கிளறினால் காற்றுப் புகுந்து பற்றிக்கொள்ளும். வறுத்த புகையிலை மாதிரி இனிப்பு வாசம் வந்தாலும் கவனம்.

ஆவணியில் இரண்டாம் வெட்டு வரும். இங்கே அதை எம்ட் என்பார்கள். இலை அதிகம், தண்டு குறைவு, மென்மையான தீவனம். ஆனால் நாள் சுருங்கியிருக்கும், பனி பத்து பதினொரு மணி வரை விலகாது, அதனால் ஒரு நாளில் காய்வதற்குக் கிடைக்கும் நேரம் ஜூனைவிடக் குறைவு. விசிறி இல்லாத வீட்டில் நல்ல எம்ட் எடுப்பது கஷ்டம். புரட்டாசியில் வளருவதைப் பெரும்பாலும் மாடுகளே மேய்ந்து முடித்துவிடும்.

இனி லீவு கேட்கிற நண்பர்களுக்கு. திகதி கேட்காமல், மே கடைசியிலிருந்து ஜூலை நடு வரை எந்தெந்த நாள் வேலை மாற்ற முடியும் என்று சொல்லிவையுங்கள். பின்னேரம் அழைப்பு வந்தால் மறுநாள் வரக்கூடிய ஆள்தான் அவர்களுக்குத் தேவை. என் மேற்பார்வையாளரோடு நான் அப்படித்தான் பேசி வைத்திருக்கிறேன், மாரியில் நான் மற்றவர்களின் ஞாயிறுகளை எடுத்துக்கொள்வேன். கணுக்காலை மூடும் சப்பாத்து, நீளக் கை சட்டை, தொப்பி கொண்டுவாருங்கள். மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் மருந்து எடுத்துக்கொண்டு வாருங்கள், அல்லது சமையலறையில் நில்லுங்கள். அங்கேயும் ஆள் தேவை. பின்னேரம் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு எல்லாம் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள், உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசி பற்றி டொக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மழை வந்து வெட்டு நின்றுபோனால் கோபிக்க வேண்டாம், வேலி கட்டவும் விறகு அடுக்கவும் எப்போதும் இருக்கிறது.